ஆட்டை வாங்கினவன் நெய்யையும் அளக்கணும்



கொஞ்சம் நீளமான பதிவு. சத்திரம் பேருந்து நிலையத்துல ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல படிச்சு முடிச்சிடலாம். முழுசா படிங்க. உங்க பாக்கெட்டில் இருக்கிற போன், ஊரில் இருக்கிற அம்மாவோட சிம், நீங்க காசு கொடுத்து வாங்கின சாப்ட்வேர், மூணுமே இதுல வருது.

முதல்ல ஒரு கேள்வி. "லைஃப்டைம்" என்று போட்டு ஒரு கம்பெனி உங்ககிட்ட விற்குதே, அது யாரோட லைஃப்? உங்க ஆயுளா? நீங்க வாங்கின பொருளோட ஆயுளா? கம்பெனியோட ஆயுளா? இல்ல, கம்பெனிக்கு மனசு மாறுற வரைக்குமா?

காசு கட்டும்போது இதை யாரும் கேட்பதில்லை. கம்பெனி ஒருநாள் மெயில் அனுப்பும்போதுதான் பதில் தெரியுது.

வெளிநாட்டு சாப்ட்வேர் கதைக்குப் போகும் முன், இது நம்ம ஊரிலேயே நடந்த கதை என்பதைப் பார்ப்போம்.

*999 ரூபாய் ஆயுள்*

சத்திரத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் வேணும்னாலும் கேளுங்க. 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் செல்போன் கம்பெனிகள் போட்டி போட்டு விற்றது "லைஃப்டைம் ப்ரீபெய்டு". ஒருமுறை 999 ரூபாய் கட்டினால் போதும், வேலிடிட்டி தீரவே தீராது, இன்கமிங் ஆயுளுக்கும் இலவசம் என்றார்கள். போகப்போக அந்த 999 இன்னும் குறைந்தது. அன்று 999 சின்னக் காசு இல்லை. ஆனாலும் கட்டினார்கள். வெளியூரில் படிக்கிற பிள்ளையின் குரலைக் கேட்க, வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகனின் போனை எடுக்க, இனி மாசாமாசம் செலவில்லை என்று நம்பிக் கட்டினார்கள்.

2006 மார்ச்சிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்கு விளக்கம் கொடுத்தது. லைஃப்டைம் என்றால் அந்தக் கம்பெனியிடம் உரிமம் இருக்கும் வரை. உரிமம் புதுப்பிக்கப்பட்டால் அதுவரைக்கும். உரிமம் எந்த மாதம், எந்த ஆண்டு முடிகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். ஆக, வாங்கியவர் தன் ஆயுளுக்குக் கட்டினார். எழுத்தில் இருந்ததோ கம்பெனி உரிமத்தின் ஆயுள். விளம்பரப் பலகையில் இருந்த சொல்லுக்கும் விதியில் இருந்த பொருளுக்கும் நடுவுல அன்றைக்கே இடைவெளி விழுந்துடுச்சு.

அந்தச் சின்ன ஆயுளாவது நின்றதா?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, விலைப் போர் வெடித்தது. 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்தன. 28 நாளுக்கு 35 ரூபாய். போடலைன்னா முதல்ல அவுட்கோயிங் போகும், அப்புறம் இன்கமிங்கும் போகும் என்று குறுஞ்செய்தி வந்தது. லைஃப்டைம் வாங்கினவங்களுக்கும் வந்தது. கணக்கில் பணம் இருந்தவங்களுக்கும் வந்தது. புகார்கள் குவிந்தன. கட்டண விஷயத்தில் பொதுவாகத் தலையிடாத டிராய், 2018 நவம்பரில் தலையிட்டது: கணக்கில் போதிய இருப்பு உள்ளவர்களின் சேவையைத் துண்டிக்கக் கூடாது, என்ன திட்டம் இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

துண்டிப்பு தள்ளிப்போனது. குறைந்தபட்ச ரீசார்ஜ் மட்டும் நிரந்தரமாகத் தங்கிடுச்சு.

கணக்குப் போடுவோம். 28 நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். 35 ரூபாய் வீதம் 455 ரூபாய். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஏர்டெல்லின் 28 நாள் ஆரம்பத் திட்டம் 199 ரூபாய். பதிமூன்றால் பெருக்கினால் 2,587 ரூபாய். அன்று வாழ்நாளுக்கு 999. இன்று வருஷத்துக்கு 2,587. "அன்லிமிடெட் கால் தர்றாங்களே, டேட்டா தர்றாங்களே" என்பீங்க. உண்மைதான். ஆனால் பட்டன் போனில் மகன் கூப்பிட்டால் எடுத்துப் பேசுற அம்மா டேட்டா கேட்டாங்களா? 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்ட பிறகுதான் டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்கள் வந்தன. அவையும் பல மாதக் காசை மொத்தமாகக் கட்டுகிற திட்டங்கள்.

"பிடிக்கலைன்னா நம்பரை விட்டுட வேண்டியதுதானே?" முடியாது தோழர். அந்த நம்பரில்தான் ஆதார் இருக்கு, பேங்க் கணக்கு இருக்கு, கேஸ் புக்கிங் இருக்கு, எல்லாத்துக்கும் வர்ற ஓடிபி இருக்கு. 2006ல் அது வெறும் போன் நம்பர். இன்று அது ஒரு மனுஷனோட முகவரி. முகவரியை விட்டுட்டு எங்கே போவார்? தப்பிச்சுப் போக முடியாத இடத்தில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, பழைய வாக்குறுதியைத் திருத்தி எழுதுவது ரொம்பச் சுலபம்.

ஏர்செல் கதையையும் இதோட சேர்த்துப் பார்க்கணும். 1999ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. நம்மில் எத்தனையோ பேருக்கு முதல் சிம் அதுதான். 2018 பிப்ரவரியில் சிக்னல் போனது. அந்த மாதக் கடைசியில் திவால் மனு. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற போர்ட் கோடு வாங்குவதற்காகத் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் அலுவலகங்கள் முன்னால் கூட்டம் நின்றது. அங்கே லைஃப்டைம் முடிந்த காரணம் வேறு. கம்பெனியோட ஆயுளே முடிஞ்சு போச்சு.

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. செத்துப்போன கம்பெனியிடம் வாக்கைக் காப்பாத்தச் சொல்ல முடியாது. உயிரோட, லாபத்துக்குத் தொழில் பண்ணிட்டு இருக்கிற கம்பெனியிடம் சொல்லலாம், சொல்லணும்.

*சாப்ட்வேர் நம்மகிட்ட, சாவி அவங்ககிட்ட*

இப்போ இதே படம் சாப்ட்வேரில் ஓடுது.

எஞ்சினியரிங் படிச்சவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை எளிமையாச் சொல்றேன். முன்பு சிடியில் சாப்ட்வேர் வாங்கினோம். போட்டோம், ஓடுச்சு. இப்போ சாப்ட்வேர் உங்க கம்ப்யூட்டரில் இருந்தாலும், திறக்கும்போது அது கம்பெனியின் சர்வரிடம் போய் "இவர் காசு கட்டினவர்தானா?" என்று கேட்கும். சர்வர் "ஆமாம்" என்றால்தான் திறக்கும். இதுதான் ஆக்டிவேஷன். அந்த சர்வரை கம்பெனி அணைச்சுட்டா? உங்களிடம் பில் இருக்கும், பாஸ்வேர்டு இருக்கும், சாப்ட்வேர் மட்டும் திறக்காது. கடையை விற்றவரே பூட்டோட சாவியையும் தன் இடுப்பில் வைத்திருப்பதுபோல.

சத்திரம் பக்கம் போட்டோ ஸ்டூடியோ, டிடிபி சென்டர் வைத்திருப்பவர்களுக்கு அடோபியைத் தெரியாமல் இருக்காது. 2013 மே மாதம் அந்தக் கம்பெனி, இனி கிரியேட்டிவ் சூட் என்ற ஒருமுறை விலைப் பெட்டிக்குப் புது வெர்ஷன் கிடையாது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. புதுசா விற்பதை எப்படி விற்பது என்பது அவர்கள் உரிமை. அதில் நமக்கு வழக்கு இல்லை. கேள்வி ஏற்கனவே விற்றதைப் பற்றியது. அதில் அடோபியே ஒரு நல்ல வழியையும் காட்டியிருக்கு: அதே 2013 தொடக்கத்தில் பழைய சிஎஸ்2 வெர்ஷனின் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது, சர்வரிடம் கேட்காமலே ஓடும் பதிப்பை அதை வாங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்தது. ஆக, தொழில்நுட்ப ரீதியாக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. முடியும். மனசுதான் வேணும்.

2021 நவம்பரில் நோட்டபிலிட்டி என்ற குறிப்பெடுக்கும் செயலி சந்தாவுக்கு மாறியது. ஏற்கனவே விலை கொடுத்து வாங்கிய மாணவர்களுக்கும் ஓராண்டுக்குப் பிறகு வசதிகள் குறையும் என்றது. வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி பின்வாங்கியது. பழையவர்கள் வாங்கிய வசதிகள் அவர்களிடமே இருக்கும் என்று அறிவித்தது.

2025ல் நடந்ததுதான் உச்சம். விபிஎன் செக்யூர் என்று ஒரு சேவை. இணையத்தில் நம் தடம் தெரியாமல் பாதுகாக்கும் வகையைச் சேர்ந்தது. பழைய உரிமையாளர் காலத்தில் லைஃப்டைம் சந்தா விற்றிருந்தார்கள். கம்பெனி கைமாறியது. புது உரிமையாளர், லைஃப்டைம் வாங்கியவர்களின் கணக்குகளை முடக்கிவிட்டு மெயில் அனுப்பினார். காரணம் என்ன தெரியுமா? "நாங்கள் தொழில்நுட்பம், இணைய முகவரி, வாடிக்கையாளர் பட்டியல் ஆகிய சொத்துகளைத்தான் வாங்கினோம், பழைய கடமைகளை வாங்கவில்லை. லைஃப்டைம் விற்ற விஷயமே எங்களுக்குப் பிறகுதான் தெரியும்" என்பது அவர்கள் வாதம். கூடவே, தள்ளுபடி விலையில் புது சந்தா வாங்கிக்கோங்க என்று அழைப்பு.

வாடிக்கையாளர் பட்டியல் வேணும். அந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு வேண்டாம். இதுதான் கதை.

*நம்ம ஊர்க் கல்வெட்டு என்ன சொல்லுது?*

"காலாகாலத்துக்கும் ஒரு சேவை கொடுக்குறது நடக்குற காரியமா?" என்று கேட்கிறவர்களுக்கு நம்ம மண்ணிலேயே பதில் இருக்கு. ஸ்ரீரங்கம் கோயில் சுவர்களில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். இங்கும், காவிரிக் கரை முழுக்கவும் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் "சந்திராதித்தவல்". நிலவும் சூரியனும் உள்ள வரைக்கும் என்று பொருள். அன்றைய லைஃப்டைம் இதுதான்.

அதை வெறும் வாய்ச்சொல்லாக விட்டார்களா? இல்லை. ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்றால் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றை இடையர் ஒருவர் பெற்றுக்கொள்வார். நாள்தோறும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பது அவர் பொறுப்பு. ஆடு சாகும், குட்டி பிறக்கும். மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பது கணக்கு. அதனால் அதற்குப் பெயரே "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடு பெற்றவரின் பெயரோடு, அவருடன் சேர்ந்து பொறுப்பேற்கும் உறவினர் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கு. யார் கைக்கு மந்தை போகுதோ அவர் கைக்கு நெய் அளக்கும் கடமையும் போகும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், சர்வர் இல்லாத காலத்தில், இரண்டு விஷயத்தை யோசிச்சு வெச்சிருக்காங்க. ஒன்று, ஆயுள் முழுக்கத் தரணும்னா அதுக்கான வருமானத்துக்கு முதல்லயே ஏற்பாடு வேணும். இரண்டு, சொத்து கைமாறினால் கடமையும் கைமாறணும். ஆட்டை மட்டும் ஓட்டிட்டுப் போயிட்டு, "நெய்யா? எனக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது.

*கம்பெனி தரப்பு*

நியாயமாப் பேசணும்னா அவங்க பக்கத்தையும் பார்க்கணும். சர்வர் வாடகை மாசாமாசம் போகும். பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ஆளுக்குச் சம்பளம் போகும். ஒருமுறை வாங்கின காசு என்றைக்கோ தீர்ந்திருக்கும். உண்மை. கணக்கு எழுதும் கடைகளில் ஓடுகிற டேலியைப் பாருங்க: லைசன்ஸ் நிரந்தரம், அப்டேட்டுக்கு ஆண்டுச் சந்தா தனி என்று முதலிலேயே பிரித்துச் சொல்லி விற்கிறார்கள். பிடித்தவர் கட்டுகிறார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் லைஃப்டைம் டீல் விற்கும் பல கம்பெனிகள் எதற்காக விற்கின்றன? ஆரம்பத்தில் கைக்காசு வேணும், ஆள் கூட்டம் வேணும். "எங்களிடம் இத்தனை ஆயிரம் வாடிக்கையாளர்" என்று முதலீட்டாளரிடம் காட்டணும். அந்தக் கூட்டத்தை வைத்து மதிப்பு ஏறும், கம்பெனி நல்ல விலைக்குப் போகும். அதுவரை நாம் சொத்து. விற்ற பிறகு நாம் சுமை. முன்கூட்டியே மொத்தமாகக் காசு கொடுத்து, அவர்கள் வளர்ச்சிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்கள் நாம். கடன் கொடுத்தவனைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறார்கள்.

*சட்டம் இருக்கு, ஒரு ஓட்டையும் இருக்கு*

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இதில் "நியாயமற்ற ஒப்பந்தம்" எது என்று 2(46) பிரிவு சொல்கிறது. அதில் இரண்டு வரிகள் நமக்காகவே எழுதின மாதிரி இருக்கு. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அனுமதிப்பது நியாயமற்றது. நுகர்வோரின் சம்மதம் இல்லாமல், அவருக்குப் பாதகமாக, ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க வழி செய்வதும் நியாயமற்றது. பதினைந்து பக்க நிபந்தனையின் அடியில் "எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த வரியையே செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கு.

யாரிடம் இருக்கு என்பதில்தான் ஓட்டை. சேவைக் குறைபாட்டுக்கு நீங்கள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் "ஒப்பந்தமே நியாயமற்றது" என்ற புகாரை மாநில ஆணையம்தான் விசாரிக்க முடியும். மூவாயிரம் ரூபாய் சாப்ட்வேருக்காக ஸ்ரீரங்கத்துக்காரர் மாநில ஆணையத்தின் படியேற வேண்டும். எத்தனை பேர் ஏறுவாங்க? யாரும் ஏற மாட்டாங்க என்பது கம்பெனிக்கும் தெரியும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணைய வியாபாரத்தில் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைத் தடை செய்தது. சந்தாவில் மாட்டிவிட்டு வெளியேற விடாமல் செய்வது அதில் ஒன்று. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பது இன்னொன்று. "லைஃப்டைம்" என்று விற்றுவிட்டுப் பாதியில் பறிப்பது அந்தப் பட்டியலில் தனி வகையாக இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: டிஜிட்டல் பொருளுக்கு "வாங்குங்கள்" என்று போட்டால், உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாகணும். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

*நம் கோரிக்கை*

1. "லைஃப்டைம்" என்று விற்றால், யாருடைய ஆயுள், குறைந்தது எத்தனை ஆண்டு என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, விலை எழுதிய அதே அளவு எழுத்தில், தமிழிலும் போட வேண்டும். 13 வகைப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

2. கம்பெனி கைமாறினால் முன்பணம் கட்டியவர்களுக்கான கடமையும் சேர்ந்தே கைமாற வேண்டும். இல்லையென்றால் விற்பதற்கு முன்பே காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

3. சேவையை மூடுவதாக இருந்தால் போதிய அவகாசம், நம் தரவை எடுத்துக்கொள்ள வழி, சர்வர் தேவைப்படாத கடைசிப் பதிப்பு. மூன்றும் கட்டாயம்.

4. சிறு தொகைக்கான நியாயமற்ற ஒப்பந்தப் புகார்களை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்படி ஒன்றிய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். மாவட்ட ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவி காலியானால் தாமதமின்றி நிரப்ப வேண்டியது மாநில அரசின் வேலை. யார் ஆட்சியில் இருந்தாலும் இதைக் கேட்போம்.

*அதுவரை நீங்க செய்ய வேண்டியது*

லைஃப்டைம் என்று எதை வாங்கினாலும் அந்த விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது. பில், பணம் கட்டிய மெசேஜ், நிபந்தனைப் பக்கம் மூன்றையும் சேமிங்க. "லைஃப்டைம்னா எவ்வளவு காலம்?" என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்க. ஏற்கனவே பறிபோயிருந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்க. இணைய விற்பனைத் தளம் மூலம் வாங்கியிருந்தால், அந்தத் தளம் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லணும், ஒரு மாதத்தில் தீர்க்கணும். இது 2020ன் மின்வணிக விதி. அதிலும் நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பறிபோன நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பதியணும். இது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

"இத்தனூண்டு காசுக்கு இவ்வளவா?" என்று தோணும். அந்த நினைப்பை நம்பித்தான் அவங்க மெயிலே அனுப்புறாங்க. 2018ல் புகார் குவிந்ததால் டிராய் அசைந்தது. 2021ல் மாணவர்கள் சத்தம் போட்டதால் செயலிக் கம்பெனி பின்வாங்கியது. கேட்டவங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு.

எங்க திருச்சி அணியில் போஸ்டர் டிசைன் பண்றவங்க, கணக்கு எழுதுறவங்க, டியூஷன் எடுக்குறவங்க எல்லாரும் இருக்காங்க. உங்களுக்கும் இப்படி ஒரு லைஃப்டைம் பறிபோயிருந்தால் எது, எப்போ வாங்கினீங்க, என்ன காரணம் சொன்னாங்க என்று கமெண்ட்டில் எழுதுங்க. போன் நம்பர், பில் நம்பர் போடாதீங்க. புகார் எழுதத் தெரியலைன்னா கேளுங்க, எழுதித் தர எங்க பசங்க இருக்காங்க. அப்படியே இந்தப் பதிவை உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுங்க. 999 கட்டின சித்தப்பா ஒருத்தர் அங்கே நிச்சயம் இருப்பார்.

ஆட்டை வாங்கினவன் நெய்யையும் அளக்கட்டும்.

#யாருடைய_ஆயுள்
#வாங்கினது_எங்களுது

தகவல் தொழில்நுட்ப அணி
திருச்சி மாநகர்